வில்லனை மீட்கும் வேலை: மூன்று சீனத் தொடர்கள், ஒரு நாவல்

பனியில் ஓர் இளைஞன் மண்டியிட்டிருக்கிறான். அந்தத் தண்டனையைக் கொடுத்தவள் அவன் மனைவி. ஆனால் அந்த மனைவியின் உடலுக்குள் இப்போது இருப்பவள் வேறொருத்தி. 500 ஆண்டுகளுக்குப் பின் இதே இளைஞன் அசுரதேவனாகி உலகைச் சூறையாடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதைத் தடுக்கக் காலம் கடந்து வந்தவள். அவளுக்கு அவன்மேல் வெறுப்பு. அவனுக்கோ அவள் தன்னை நாள்தோறும் வதைக்கும் கொடுமைக்காரி. அவள் பார்ப்பது இன்னும் உருவாகாத அசுரனை. அவன் பார்ப்பது ஏற்கெனவே போய்விட்ட மனைவியை.

2023 ஏப்ரலில் யூகூ தளத்தில் வந்த 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்' தொடரின் தொடக்கம் இது. வில்லனை மீட்கும் காதல் கதைகள் ஏன் இவ்வளவு பேரை இழுத்து வைத்திருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதும். எதிரில் நிற்பவனின் முடிவு கையில் இருக்கிறது, ஆனால் கண்ணெதிரே அவனுடைய தொடக்கம் நிற்கிறது. முடிவு தெரிந்தவருக்குத் தொடக்கத்தைப் பார்க்கையில் என்ன தோன்றும்? இந்த வகைக் கதைகள் எல்லாமே அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கூடு விட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதிதல்ல. திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்த பிறகு, மூலனின் மனைவி வந்து உரிமை கோருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகுகிறார் என்கிறது பெரியபுராணம். பிறருடைய உடலை எடுத்துக்கொண்டால் அந்த உடலின் உறவுகளையும் கடன்களையும் என்ன செய்வது? சீன இணைய நாவல்களில் 'ச்வான்ஷு' என்று அழைக்கப்படும் வகை, அதாவது படித்த புத்தகத்துக்குள்ளேயே பாய்ந்துவிடும் கதைகள், இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்புகின்றன. இங்கே நாயகி விலகுவதில்லை. போன உடல் செய்த பாவங்களுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று தொடர்களையும் ஒரு நாவலையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்: வில்லன் செய்த, செய்யப்போகிற தீமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? காதல் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு தப்பினால் கதை கசந்துவிடும்.

எளிதில் நுழையக்கூடியது 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்'. 2020இல் டென்சென்ட் தளத்தில் வந்தது. 24 பாகங்கள், மொத்தம் சுமார் 18 மணி நேரம். தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுதும் பெண் தன் கதைக்குள்ளேயே விழுகிறாள். விழுந்த இடமும் மோசம்: மூன்றாம் பாகத்திலேயே விஷம் வைத்துக் கொல்லப்படவேண்டிய இளவரசி சென் சியென்சியெனின் உடல். கொல்லப்போகிறவன், எதிரி நகரத்தின் இளைய தலைவன் ஹான் ஷுவோ. தன் இதய நோய்க்கு மருந்தாகும் டிராகன் எலும்பைத் தேடி வந்தவன்.

இவன் பெரிய வில்லன் அல்ல. கொலைத் திட்டத்தோடு வரும் நாயகன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த வகையின் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொடர் இல்லை. அவனைத் தான் எழுதிய கதைப்படியே இரண்டாவது இளவரசி சென் சூசூவிடம் சேர்த்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாள் நாயகி. அவனோ இவள் பக்கமே சாய்கிறான். அப்போது எழுதப்பட்ட கதையின் உண்மையான நாயகியான சூசூ என்ன ஆவாள்? தனக்கென்று எழுதப்பட்ட காதலும் இடமும் கை நழுவ, அவள் மெல்லக் கசந்து இருண்டுபோகிறாள்.

இந்த வகையில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான். ஒருவனிடமிருந்து எடுத்த வில்லத்தனத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பல எழுத்தாளர்கள் அதை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். டைகர் அண்ட் ரோஸ் குறைந்தபட்சம் அதை நாயகியின் தவறாகவே காட்டுகிறது. சூசூவுக்கு ஓர் ஆளுமையும் ஆசையும் எழுதாமல் விட்டவள் அந்தத் திரைக்கதாசிரியைதானே. பெண்கள் ஆளும் நகரம் என்று தலைகீழாக்கிய உலகம் கலகலப்பானது. அரசியல் சதிகள் பலவீனம். கடைசி ஆறேழு பாகங்களில் நகரங்களுக்கிடையேயான மோதலை வேகமாக ஓட்டிவிட்டாலும் இழப்பு பெரிதில்லை.

ஹான் ஷுவோவாக நடித்த அதே டிங் யூஷி நான்கு ஆண்டுகள் கழித்து இன்னும் இருண்ட வேடத்தில் வந்ததுதான் 'லவ் கேம் இன் ஈஸ்டர்ன் ஃபேண்டசி'. 2024 நவம்பர், டென்சென்ட், 32 பாகங்கள், சுமார் 24 மணி நேரம். வெளிநாடுகளுக்கு அவர்களுடைய வீடிவி செயலியில் ஆங்கில வசன வரிகளோடு கிடைக்கிறது. மூல நாவலின் பெயரிலேயே 'கருந்தாமரை' என்ற சொல் இருக்கிறது. சீன இணையப் பேச்சில் வெண்தாமரை என்றால் ஒன்றும் அறியாதவர் போல நடிப்பவர். கருந்தாமரை இன்னும் ஒரு படி மேலே: வெளியே தூய்மை, உள்ளே இருட்டு. மு ஷெங் அப்படிப்பட்டவன். வளர்ப்பு அக்கா மு யாவின் முன்னால் சொன்னபடி கேட்கும் தம்பி. அவள் திரும்பியதும், அவளை நெருங்கும் எவரையும் விட்டுவைக்காதவன். அவன் கூந்தலைக் கட்டியிருக்கும் பட்டைதான் அவனுக்குள் இருக்கும் பேய்ச்சக்திக்குப் பூட்டு. மந்திரத் தாள்களைத் தலைகீழாக எழுதும் தடைசெய்யப்பட்ட வித்தையும் தெரியும்.

யூ ஷுஷின் நடிக்கும் லிங் மியாவ்மியாவ் இந்தக் கதையைப் படித்துத் தீர்த்த வாசகி. அதனால் அவனுடைய இரண்டு முகங்களும் அவளுக்கு முன்பே தெரியும். தொடரின் ஆகச் சிறந்த யோசனை இங்கேதான் இருக்கிறது. முகமூடி செல்லாத ஒரே ஆள் அவள். நல்லவனாக நடித்தால் நம்புவதில்லை. கொடூரமாக மாறினால் அதிர்ந்து ஓடுவதில்லை. பயப்படுகிறாள், ஆனால் வியப்பதில்லை. நடித்து நடித்துப் பழகியவனுக்கு நடிக்கத் தேவையில்லாத ஓர் இடம் கிடைக்கும்போது ஏற்படும் தடுமாற்றத்தை டிங் யூஷி நுட்பமாகக் கொண்டுவருகிறார். முதலில் எரிச்சல், பிறகு சந்தேகம், பிறகு அவள் இல்லாத நேரத்தில் ஒரு வெறுமை. இந்தப் படிகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. யூ ஷுஷினின் குழைந்த குரல் முதல் இரண்டு மூன்று பாகங்களுக்குச் சிலருக்கு உறுத்தலாம். பழகியதும் அதுவே பாத்திரத்தின் கவசமாகிவிடுகிறது.

இதைவிட முக்கியமானது, மு யாவ், லியூ ஃபுயி என்ற மூலக் கதையின் நாயகியையும் நாயகனையும் இந்தத் தொடர் கெடுக்கவில்லை. நால்வரும் ஒரே குழுவாகப் பேய் பிடிக்கப் போகிறார்கள். மு யாவ் கடைசிவரை நேர்மையான, திறமையான அக்காவாகவே இருக்கிறாள். வில்லத்தனத்தை இன்னொரு பெண்ணின் தலையில் இறக்கிவைக்காமல் ஒருவனை மீட்க முடியும் என்று காட்டியதற்காகவே இதற்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். வழக்கு வழக்காக நகரும் அமைப்பும் உதவுகிறது. ஒவ்வொரு பேயின் கதையும் ஏமாற்றப்பட்ட, கைவிடப்பட்ட ஓர் அன்பின் கதை. பிற்பகுதியில் மு ஷெங்கின் தாயின் கதை திறக்கும்போது, அதுவரை பார்த்த வழக்குகள் எல்லாம் அதற்கான ஒத்திகை என்பது புரிகிறது.

குறை எங்கே என்றால், அந்த 'சிஸ்டம்'. இந்த வகை நாவல்களில் நாயகியின் காதில் பேசிப் பணிகளைக் கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத இயந்திரக் குரல் இது. எது வெற்றி, எது தோல்வி, தோற்றால் என்ன தண்டனை என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே உறுதியாகச் சொல்லப்பட வேண்டும். பார்ப்பவருக்கு விதி தெரிந்தால்தான் நாயகி அதை மீறும்போது நெஞ்சு படபடக்கும். இங்கே கதைக்குத் தேவையானபோது சிஸ்டம் பேசுகிறது, இடைஞ்சலானபோது மௌனமாகிவிடுகிறது. நல்ல நாவல்களில் வில்லனின் பிரியம் எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே வரும். அது வெறும் விளையாட்டு அல்ல. எண் ஏறுவதைப் பார்த்து மகிழ்கிற நாயகி, ஒரு கட்டத்தில் எண்ணைப் பார்க்கவே மறந்துபோகிறாளே, அதுதான் காதல் தொடங்கிய இடம். எழுத்தாளர் அந்த மறதியைச் சொல்லாமல் விட்டு, வாசகரே கவனிக்கும்படி செய்தால் அதைவிட நேர்த்தி வேறில்லை.

புத்தகம், விளையாட்டு, திரைக்கதை என்ற உறைகள் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம். 2011இல் சீன ஒளிபரப்புக் கட்டுப்பாட்டுத் துறை காலப்பயணத் தொடர்களை வரலாற்றோடு விளையாடுபவை என்று கண்டித்தது. நிஜ வரலாற்றுக்குள் போகாமல், எழுதப்பட்ட ஒரு கற்பனைக்குள் போவது தயாரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பான வழி.

இனி 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்'. 40 பாகங்கள், சுமார் 30 மணி நேரம். மூன்றில் மிக லட்சியமானது, மிகக் கனமானது, தவறுகளும் மிகப் பெரியவை. லி சுசுவாக பாய் லு, தான்தாய் ஜின்னாக லுவோ யுன்ஷி. ஜின் பகை நாட்டில் பிணையாக வைக்கப்பட்ட இளவரசன். பிறக்கும்போதே உடலில் தீய எலும்பு இருந்தது. அன்பை உணர வைக்கும் 'உணர்ச்சி இழை' இல்லை. காக்கைகளோடு பேசுவான். மற்றவர்கள் அழுவதையும் சிரிப்பதையும் கவனித்து, அதையே திருப்பிச் செய்து பார்ப்பான். அவனைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று சுசு நினைக்க முடியாது. கொன்றால் அசுரதேவன் விழித்துவிடுவான். எலும்பைத்தான் பிடுங்க வேண்டும். அதற்குத் தேவையான ஆயுதம், அவன் அவளை நேசிக்கத் தொடங்கினால்தான் உருவாகும்.

இந்த ஒரு விதியிலேயே தொடரின் மொத்த வலிமையும் இருக்கிறது. அவனைக் காப்பாற்ற அவன் நேசிக்க வேண்டும். நேசித்தால் அந்த நேசமே அவன் நெஞ்சில் ஆணியாக இறங்கும். காதல் வளரும் ஒவ்வொரு காட்சியும் துரோகத்தை நெருங்கும் காட்சியாகவும் இருப்பதால், இனிமையான இடங்களில்கூட வயிற்றைப் பிசைகிறது. இந்த வகைக் கதைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நெருக்கடி உண்டு: "அப்படியானால் நான் உனக்கு ஒரு வேலையா?" என்று வில்லன் கேட்கும் தருணம். பலவீனமான கதைகளில் இரண்டு பாகம் கோபித்துக்கொண்டு ஒரு முத்தத்தில் அது முடிந்துவிடும். இங்கே அந்தக் கேள்விக்கான விலை தொடரின் மீதி முழுவதும் கொடுக்கப்படுகிறது, இருவராலும்.

லுவோ யுன்ஷி பாலே பயின்றவர். அந்தப் பயிற்சி உடலில் தெரிகிறது. அடிபட்ட பிராணி போலச் சுருங்குவதும், அதிகாரம் வந்ததும் அதே உடல் நிமிர்வதும், அப்போதும் தோள்களில் பழைய பயம் தங்கியிருப்பதும் வசனமில்லாமலேயே புரிகின்றன. கனவுப் பகுதி என்று ரசிகர்கள் அழைக்கும் நடுப்பகுதியில் அவர் போர்க்கடவுள் மிங்யே, பாய் லு சிப்பி இனத்து இளவரசி சாங்ஜியூ. சீனாவின் துன்ஹுவாங் குகை ஓவியங்களின் சாயலில் அமைந்த உடைகளும் நிறங்களும் அந்தப் பாகங்களில்தான் முழுமையாக மலர்கின்றன. முக்கியக் கதைக்குத் தொடர்பில்லை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் தவறு செய்கிறார்கள். உணர்ச்சி இழை இல்லாத ஒருவன், இன்னொருவனின் வாழ்க்கையை உள்ளிருந்து வாழ்ந்து காதலைக் கற்றுக்கொள்ளும் இடம் அது. அதைத் தாண்டினால் அதற்குப் பின் அவன் மாறுவது திடீரென்று தோன்றும்.

இப்போது குறைகள். தீமையை ஓர் எலும்பில் வைத்ததும் பொறுப்பு மனிதனிடமிருந்து நழுவிவிடுகிறது. எலும்பு செய்தது, அவன் என்ன செய்வான் என்று சொல்லிவிடலாம். தொடர் இந்த வசதியைப் பல இடங்களில் பயன்படுத்திக்கொள்கிறது. அவன் அரியணைக்கு ஏறும் வழியில் செத்தவர்களின் பெயர்கள் மறக்கப்படுகின்றன. கடைசிப் பகுதியில், எலும்பும் விதியும் என்ன சொன்னாலும் அவனே தேர்ந்தெடுக்கும் ஒரு முடிவு வருகிறது. அதுதான் கணக்கை நேராக்குகிறது. ஆனால் அதுவரை பொறுக்க வேண்டும். இரண்டாவது குறை யே பிங்ஷாங். நாயகி புகுந்த உடலின் அக்கா. சுவாரசியமான பாத்திரமாகத் தொடங்குகிறாள். வில்லனிடமிருந்து வழித்தெடுத்த இருட்டை எல்லாம் ஏந்தும் பாத்திரமாக முடிகிறாள். டைகர் அண்ட் ரோஸில் சூசூவுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேர்கிறது, ஆனால் இங்கே அதற்கான பொறுப்பை ஏற்க யாருமில்லை. மூன்றாவது, கடைசிப் பத்துப் பாகங்களில் அடுக்கடுக்காக வரும் தேவலோகப் போர்களும் மந்திரப் பொருள்களும். எது எதை அழிக்கும் என்று நினைவில் வைப்பதே வேலையாகிவிடுகிறது.

இதன் மூல நாவலின் பெயரிலேயே 'பிஇ' என்ற எழுத்துகள் உண்டு. சீன வாசகர்கள் சோக முடிவுக்குப் பிஇ என்றும், மகிழ்ச்சி முடிவுக்கு எச்இ என்றும் குறிப்பார்கள். அதே தலைப்பில் 'கருநிலா' என்ற சொல்லும் வரும். வெண்ணிலா என்றால் கைக்கு எட்டாத முதல் காதல். கருநிலா என்றால் நேசித்தவனுக்கு ஆறாத காயம் கொடுத்துவிட்டுப் போனவள். இந்தக் குறிச்சொற்களைத் தெரிந்துவைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். 'கருமையாதல்' என்று போட்டிருந்தால் நல்லவன் கெட்டவனாகும் திருப்பம் வரும். 'சிறு இருட்டறை' என்று இருந்தால், காதல் என்ற பெயரில் நாயகியை அடைத்து வைக்கும் காட்சி வரும். அதைச் சகிக்க முடியாதவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிடலாம். கொரிய இணைய நாவல்களில் 'ஜிப்ச்சாக்' என்ற சொல் அதே எச்சரிக்கை: விடாப்பிடியான, மூச்சு முட்டவைக்கும் பற்று.

தமிழ் இணைய நாவல் வாசகர்களுக்கு ஆன்ட்டி ஹீரோ கதைகள் நன்கு பழக்கம். அதனால் இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணம் வரலாம். இல்லை. ஆன்ட்டி ஹீரோ கதையில் நாயகிக்கு எதுவும் தெரியாது. அவள் தாங்குகிறாள், அவன் திருந்துகிறான். இங்கே நாயகிக்குத்தான் எல்லாம் தெரியும். இருட்டில் இருப்பவன் அவன். பலம் அவள் கையில். எனவே அவன் காயப்படுத்தும்போது அவள் அங்கேயே நிற்பது சகிப்பு அல்ல, முடிவு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, நாயகியைக் கஞ்சி ஊட்டி, போர்வை போர்த்தி, காயத்துக்கு மருந்து போடும் தாதியாக மட்டும் எழுதும் கதைகள் ஏராளம். முதல் 20 அத்தியாயங்களில் அவளுக்கென்று ஒரு நோக்கமும் வரவில்லையென்றால், வில்லனின் அழகைத் தவிர அங்கே படிக்க எதுவும் இருக்காது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு நாவல்: மோ ஷியாங் தோங் ஷியு எழுதிய 'தி ஸ்கம் வில்லன்ஸ் செல்ஃப் சேவிங் சிஸ்டம்'. ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் 4 தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. ஆணுக்கும் ஆணுக்குமான காதல் கதை. வன்முறையும் வயதுவந்தோருக்கான பகுதிகளும் உண்டு. மோசமான ஒரு நாவலைத் திட்டிக்கொண்டே படித்த ஷென் யுவான், அதே நாவலில் மாணவனைக் கொடுமைப்படுத்திப் பின்னால் அவன் கையாலேயே சிதைக்கப்படும் ஆசிரியராகக் கண் விழிக்கிறான். திடீரென்று நல்லவனாக மாறிவிடவும் முடியாது. பாத்திரத்தின் இயல்பை மீறுவதைச் சிஸ்டம் முதலில் பூட்டி வைத்திருக்கிறது. மீறினால் புள்ளிகள் போகும். சிஸ்டம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

அந்த நாவலின் மையத்தில் ஒரு கொடூரமான கட்டளை வருகிறது. தான் அன்பாக வளர்த்த மாணவன் லுவோ பிங்ஹேயை, கதைப்படி, ஷென் யுவான் தன் கையாலேயே பாதாளத்தில் தள்ள வேண்டும். மீட்க வந்தவனே அசுரனை உருவாக்குகிறான். அதற்குப் பிறகு இன்னொன்றும் நடக்கிறது. கதையை முழுதும் படித்தவன் என்பதால், எதிரில் நிற்கும் பிங்ஹே பழிவாங்கத்தான் வந்திருக்கிறான் என்று ஷென் யுவான் உறுதியாக நம்புகிறான். அவன் கண்ணில் இருக்கும் ஏக்கம் இவனுக்குத் தெரிவதே இல்லை. மற்ற கதைகளில் முன்னறிவு பலம். இங்கே அதுவே கண்ணை மறைக்கிறது. முதல் தொகுதியில் சிரிப்பு அதிகம். வலி இரண்டாவதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் கைவிட்டுவிட வேண்டாம்.

பார்க்கும் வரிசை: டைகர் அண்ட் ரோஸ், பிறகு லவ் கேம், கடைசியாக மூன். தலைகீழாகப் போனால் மற்ற இரண்டும் இலேசாகத் தெரியும். ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கிறதென்றால் லவ் கேம். முதல் ஆறு பாகங்கள் பார்த்தால் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். மூனுக்கு அந்த ஆறு போதாது. கனவுப் பகுதி முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 17ஆம் பாகம்வரை, இடம் கொடுங்கள். ஒரே நாளில் பத்துப் பாகம் ஓட்டும் தொடர் அல்ல அது. திருமணக் காட்சிக்குப் பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டுத் தொடர்வது நல்லது.